சேற்றைக் கழுவினேன்

எனக்குப் பொறுமை கிடையாது. சோறு கொதிக்க ஆரம்பிக்கும்போதே வடிதட்டைத் தேடுகிற ஆள் நான். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தார். ஒரு மாங்காயை வரைய உட்கார்ந்தால் அந்த மாங்காய் பழுத்துவிடும் என்று மற்ற வாத்தியார்கள் கேலி செய்வார்கள்.

சனி, ஞாயிறு வந்தால் குற்றாலத்து மலைக்குப் போய்விடுவார். அருவியில் குளிக்க அல்ல, புல் பிடுங்க. சாயங்காலம் தோளில் ஒரு கட்டோடு தெருவுக்குள் வரும்போது, "என்ன அண்ணாச்சி, மாட்டுக்கா?" என்று யாராவது கேட்பார்கள். எங்கள் வீட்டில் மாடு இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அவர் சிரித்துக்கொண்டே வருவார். எனக்குத்தான் முகம் சிவந்துபோகும்.

அவர் செய்தது இதுதான். மலையில் முளைக்கிற சின்னச் சின்னச் செடிகளைக் கொண்டுவந்து, பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, இரண்டு பலகைக்கு இடையில் இறுக்கிக் காயவைப்பார். காய்ந்ததைக் கெட்டித் தாளில் ஒட்டி, எங்கே, எந்த மாதம், யார் பறித்தது என்று ஓரத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுவார். இதையெல்லாம் சேகரித்து வைக்கிற ஓர் இடம் தூரத்துப் பட்டணத்தில் இருந்தது. அங்கே தபாலில் அனுப்புவார். பூக்கிற காலமும் சாரல் காலமும் ஒன்றாகவே வந்து தொலைக்கும் என்பதுதான் இதில் பெரிய தொல்லை. ஆடி மாதத்தில் தென்காசியில் துவைத்த துணியே காயாது, இதில் தாள் எங்கே காய? தினமும் தாள் மாற்ற வேண்டும். கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டியில் தணல் போட்டு, அந்தச் சூட்டில் பலகையை வைக்க வேண்டும். தாள் மாற்றுவது என் வேலை. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வேன், ஆனால் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இதை எனக்காக நான் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும்.

தேனருவிக்கும் மேலே மலையின் தலையில் ஒரு பாறைவெளி உண்டு. மொட்டைப் பாறை என்பார்கள். அங்கே மரம் நிற்காது. காற்று நிற்கவிடாது. ஓரத்தில் முளைத்த மரமும் இடுப்பளவு உயரத்திலேயே வளைந்து படுத்திருக்கும். அவர் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு அந்தப் பாறையைப் பற்றித்தான் இருக்கும். பாறைமேல் மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடையாதாம். ஓரிடத்தில் நகக்கனம், ஓரிடத்தில் விரல் ஆழம், வெடிப்புகளில் முழங்கால் ஆழம். நகக்கன மண்ணில் இருக்கிற செடி விரல் ஆழ மண்ணுக்கு வராது, அங்கே இருப்பது இங்கே இறங்காது. முழங்கால் மண்ணில் போதைப்புல் என்கிற வாசனைப் புல்லும் குட்டை ஈச்சையும் நிற்கும். தண்ணீர் கசிகிற சரிவில் ஒரு கூட்டம் இருந்தால், இரண்டு முழம் தள்ளித் தண்ணீர் தேங்குகிற குழியில் வேறொரு கூட்டம் இருக்கும். "தெருவுக்குத் தெரு ஆளுக மாறுத மாதிரிதாம்ட்டி" என்பார்.

மாசி, பங்குனியில் அந்தப் பாறை அடுப்புக்கல் மாதிரி சுடுமாம். பாசியும் சின்னப் பெரணிகளும் சுருண்டு, தொட்டால் தூளாகிற மாதிரிக் கிடக்கும். செத்துப்போச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதல் சாரல் விழுந்தால் போதும், மறுநாளே விரிந்து பச்சையாகிவிடும். அதை அவர் ஒரு சட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்து வீட்டிலேயே காட்டினார். அதைப் பார்த்தேன். அது ஒன்றைத்தான் நின்று பார்த்தேன்.

ஒரு ஆடியில், தண்ணீர் கசிகிற சரிவில், கைப்பிடிச் சேற்றில் ஒரு பூவைக் கண்டுபிடித்தார். அந்தச் சரிவெல்லாம் ஊதா நிறத்தில் மூக்குத்தி அளவுப் பூக்கள் விரித்துப்போட்ட மாதிரி பூக்கும். தண்டு நூல் கனம்தான் இருக்கும், இலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அவர் கண்ட பூவும் அந்தச் சாதிதான். ஆனால் வெள்ளை, நடுவில் இரண்டு ஊதாக் கோடு. ஒரே ஒரு செடியைக் காயவைத்து அனுப்பினார். பதில் வந்தது. இதுவரை யாரும் எழுதாத செடியாக இருக்கலாம், ஒன்றை வைத்து முடிவு சொல்ல முடியாது, அடியோடு எடுத்த இன்னும் இரண்டு மூன்று வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். துவைக்கப் போடும்போது நான்தான் எடுத்து வைப்பேன்.

அடுத்த வருஷம் சாரல் பிந்தியது, அந்தப் பூ எழவேயில்லை. அதற்கடுத்த வருஷம் அவருக்கு இருமல் தொடங்கிவிட்டது. முதலில் சளி என்றார்கள். பிறகு யாரும் வியாதியின் பேரைச் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

இருமலுக்குக் காரணம் என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர்தான். அந்தச் சேற்றுச் செடிகளைக் கொண்டுவந்தால் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, சேற்றோடு அதில் மிதக்கவிட்டு, கையை நனைத்தபடி பொழுதுக்கும் உட்கார்ந்திருப்பார். ஈர்க்குச்சியால் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

"ஏட்டி, இங்கன வந்து இத ஒரு தடவ பாத்துட்டுப் போ."

"உலையில அரிசி கெடக்கு. உங்க புல்லு எங்கயும் ஓடிராது."

எத்தனை முறை கூப்பிட்டிருப்பார்! ஒரு முறை போயிருக்கலாம்.

அதற்கும் அடுத்த வருஷம் ஆனியிலேயே சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அவர் படுக்கையில் இருந்தார். ஜன்னல் வழியாக மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "இப்ப அங்கன பூத்திருக்கும்" என்று ஒரு நாள் சொன்னார். மறுநாளும் சொன்னார். அடுத்த வருஷத்துச் சாரல் அவருக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பூவுக்கு ஒரு முடிவு தெரிந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

"நான் போறேன்" என்றேன்.

"நீயா?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா?"

மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கிற பளியர் தம்பதி ஒன்று வாரத்துக்கு ஒருமுறை எங்கள் தெருவுக்கு வரும். அவர்தான் அவர்களுக்குப் பழக்கம். அந்தப் பெண்ணுக்குப் பாறையில் இடம் தெரியும். அவள் என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். கிளம்புகிற அன்றைக்கு அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"மூணு செடி போதும், கூட எடுத்திராத. சேத்தோட அள்ளி பாக்குமட்டையில வையி. மேல பாசிய மூடி நனைச்சிக் கொண்டா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

ஏன் என்று அவர் சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் வெந்நீர் எடுக்க எழுந்துவிட்டேன். திரும்பி வந்து கேட்டிருக்கலாம். வண்டிக்காரன் வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

குற்றாலத்தில் என் சித்தி வீட்டில் தங்கி, விடிந்ததும் ஏறினோம். செண்பகாதேவி வரைக்கும் பாதை இருந்தது. அதற்குமேல் அந்தப் பெண்ணின் முதுகுதான் பாதை. அட்டை கடித்த இடங்களில் அவள் சுண்ணாம்பு தடவிவிட்டாள். உச்சியை அடைந்தபோது காற்று என் சேலையைப் பிடித்து இழுத்தது. கிழக்கே பார்த்தால் உச்சி இடிந்து மொட்டையாக நின்ற தென்காசிக் கோபுரம் கட்டைவிரல் அளவில் தெரிந்தது. அதற்கப்பால் பாவூர்சத்திரம் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள்மேல் மட்டும் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

இத்தனை வருஷம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னதில் பாதிகூட என் காதில் ஏறவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சரிவு முழுக்க ஊதா. அதன் ஓரத்தில் சிவப்பு மயிர் முளைத்த குட்டி இலைகள், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பிசினாக ஒரு சொட்டு, அதில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு காலை உதைத்தது. குழியில் தேங்கிய தண்ணீரில் வெள்ளைப் பொத்தான் மாதிரிப் பூக்கள். வெடிப்பில் மஞ்சளாக ஏதோ ஒன்று. எதன்மேலும் மிதிக்காமல் நடக்க வழியில்லை. அவர் எப்படி நடந்திருப்பார் என்று யோசித்தேன்.

வெள்ளைப் பூ ஓர் இடத்தில்தான் இருந்தது. முறம் அளவுக்குச் சேறு, அதில் ஒரு அறுபது பூ. மூன்று எடுக்கச் சொன்னார். அத்தனை தூரம் ஏறிவிட்டு மூன்றோடு இறங்க எனக்கு மனசு வரவில்லை. கெட்டுப்போனால்? தொலைந்துபோனால்? அந்தப் பெண் "போதும்மா" என்றாள். நான் கேட்கவில்லை. பாதியை அப்படியே தோண்டி மட்டையில் அள்ளினேன்.

இறங்கும் வழியெல்லாம் சேறு வழிந்து என் இடுப்பு நனைந்தது. செண்பகாதேவிக்கு வந்ததும் ஓடைக்கரையில் உட்கார்ந்தேன். இதை அப்படியே கொண்டுபோனால் என்ன செய்வார்? தாம்பாளத்தைக் கேட்பார். பச்சைத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்காருவார். ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார். அந்த வேலையை நானே முடித்துவிட்டால் என்ன? தண்டங்கீரைக் கட்டு எத்தனை கழுவியிருக்கிறேன்! ஒவ்வொரு செடியாக எடுத்து ஓடுகிற தண்ணீரில் அலசினேன். அடியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் உருவினேன். அழுக்குத் தும்பு மாதிரி ஏதோ வந்தது, அதையும் உருவி ஓடையில் விட்டேன். சுத்தமாகத் தண்டும் பூவுமாக அடுக்கி, பாசியால் மூடினேன். அவருக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து மட்டையை அவர் மடியில் வைத்தேன். "மூணு கேட்டா முப்பது கொண்டாந்திருக்கேன்!"

அவர் பாசியை விலக்கினார். ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. அப்படியே முப்பதையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் காபி போட உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கீழே வைத்திருந்தார்.

"சேறு?"

"ஓடையோட போயிட்டு. நீங்க இனி பச்சத்தண்ணியில கை வைக்க வேண்டியதில்ல."

"நல்லா வெள்ள வெளேர்னு கழுவிருக்கியே" என்றார். பிறகு, "கால் வலிக்கா?" என்று கேட்டார்.

நான்கு நாள் தாள் மாற்றினேன். மூன்று செடிகளைப் பொறுக்கி ஒட்டினார். சீட்டு எழுதத் தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கிலீஷில் எழுதினார். மைக்கூட்டை நான் பிடித்திருந்தேன். அவர் பேனாவை மையில் தொடுவதும், எழுதாமலே வைத்திருப்பதும், நுனி காய்ந்து மறுபடி தொடுவதுமாக ஒரு காலைப்பொழுதே ஓடிவிட்டது.

"ஒரு சீட்டுக்கு இம்புட்டு நேரமா?" என்றேன்.

"முடிச்சிட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் பளியப் பெண் தேனோடு வந்து வாசலில் நின்றாள். "அம்மா கொண்டாந்தது போதுமா சாமி? இன்னும் ஒரு மாசம் பூக்கும். நான் போயி எடுத்தாறேன்." அவர் படுக்கையிலிருந்தே, "போதும் தாயி, இதுக்குமேல என்ன வேணும்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தெருவில் இரண்டு பேரிடம் அதைச் சொன்னேன்.

முன்பெல்லாம் தபால்காரன் தெருமுனையில் திரும்பினாலே அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்த ஆவணியில் திரும்பிப் படுத்துக்கொண்டார். உடம்பு முடியாததால் என்று நினைத்தேன். புரட்டாசிக் கடைசியில் போய்விட்டார்.

கார்த்திகையில் ஒரு கட்டு வந்தது. அனுப்பிய மூன்று தாளில் ஒன்றைத் திருப்பியிருந்தார்கள், கூட ஒரு கடிதம். எதிர்வீட்டு அண்ணாச்சி தபாலாபீஸ் குமாஸ்தா, இங்கிலீஷ் தெரிந்தவர். அவரிடம் கொண்டுபோனேன். அவர் தமிழாக்கிச் சொன்னார். பூ மிக அரிதானதாகத் தெரிகிறது. ஆனால் இந்தச் சாதிச் செடிகளை, சேற்றுக்குள் படர்ந்திருக்கும் மயிரிழைகளையும் அவற்றில் தொங்கும் சிறு பைகளையும் வைத்தே அடையாளம் காணவேண்டும். அந்தப் பைகளில்தான் நீரிலுள்ள நுண்ணிய பூச்சிகளை அது பிடித்துத் தின்கிறது. அனுப்பிய மூன்றிலும் அவை இல்லாததால் எதுவும் சொல்ல முடியவில்லை.

அழுக்குத் தும்பு என்று நான் உருவி எறிந்தது எது என்று எனக்குப் புரிந்தது. அண்ணாச்சி தாளின் ஓரத்தில் இருந்த சீட்டையும் படிக்க ஆரம்பித்தார். குற்றாலம் மலை, உச்சி, தண்ணீர் கசியும் பாறை, பூ வெள்ளை.

"'பறிச்சது'ன்னு அவுக பேரப் போட்டிருக்கு. 'அடிப்பாகத்தைக் கழுவும்போது நான் அழித்துவிட்டேன், என் கவனக்குறைவு'ன்னு எழுதிருக்காவ. ஏம்மா, அவுகளா மலைக்குப் போனாவ? படுக்கையிலல்லா கெடந்தாவ?"

நான் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பாவி மனுஷன், 'அறிவு கெட்டவளே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் காலையிலேயே மறுபடி ஏறியிருப்பேனே! பூ இன்னும் ஒரு மாசம் இருந்தது. அந்தப் பெண் வாசலில் நின்று கேட்டாள். அவளிடம் 'எடுத்துட்டு வா' என்று சொன்னால் எதற்கு என்று நான் கேட்பேன், காரணத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்காக வேண்டாம் என்றிருக்கிறார். மூன்று வருஷமாகச் சட்டைப்பையில் வைத்திருந்த ஆசையை என் முகம் வாடிவிடக் கூடாது என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். பிறகுதான் அழுதேன். அன்றைக்கு உலை வைக்கவில்லை.

அடுத்த ஆடியில் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு மறுபடி ஏறினேன். போகிற வழியிலேயே சொல்லிவிட்டேன், இந்த முறை ஒன்றே ஒன்றுதான், சேற்றோடு. சரிவில் ஊதாப் பூக்கள் அப்படியே இருந்தன. ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்துச் தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சேறு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கண்ணாடியை வைத்தேன். மயிரைவிட மெல்லிய இழை. அதில் கடுகில் கால்வாசி அளவில் பைகள், கண்ணாடி மாதிரித் துலக்கமாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். ஒன்றுக்குள் ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. இதைத்தான் வந்து பாரு, வந்து பாரு என்று கூப்பிட்டிருக்கிறார்.

வெள்ளைப் பூ இருந்த இடத்துக்குப் போனோம். அங்கே சேறே இல்லை. கரும்பாறை மழையில் நனைந்து பளபளவென்று கிடந்தது. நான் தோண்டிய விளிம்பிலிருந்து ஆரம்பித்து மிச்சப் பாதியும் உரிந்துபோயிருந்தது.

"ஓரத்தப் பேத்தா தண்ணி அடியில நொழஞ்சிரும்மா" என்றாள் அந்தப் பெண். "அப்புறம் நிக்காது. பாயச் சுருட்டுத மாதிரி சுருட்டிட்டுப் போயிரும்."

"மறுபடி சேறு பிடிக்க எத்தன வருசம் ஆகும்?"

அவள் குனிந்து அடுத்த சரிவில் தேட ஆரம்பித்தாள். அன்றைக்குப் பொழுதுசாயும்வரை பாறை முழுக்கக் குனிந்து தேடினோம். வேறு எங்கேயாவது இருக்கும் என்று அவள் ஆறுதல் சொன்னாள். இருக்கலாம். அதற்குப் பிறகும் ஐந்தாறு ஆடி நான் ஏறியிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

இறங்கி வந்ததும் அண்ணாச்சியை உட்காரவைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அந்தச் செடியைப் பறித்தது நான். சேற்றோடு கொண்டுவரச் சொன்னதை மீறி ஓடையில் கழுவியதும் நான். மூன்று போதும் என்றதை மீறிப் பாதி இடத்தைத் தோண்டியதும் நான்தான். அவர் அப்போது படுக்கையில் இருந்தார், அவர் கை அதில் படவில்லை. ஆகவே உங்களிடமுள்ள இரண்டு தாள்களிலும் அவர் பேரை அடித்துவிட்டு என் பேரைப் போடவும். அண்ணாச்சி இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். ஒரு எழுத்தும் குறைக்கக் கூடாது என்றேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. மரியாதையான கடிதம்தான். அவர் மறைவுக்கு வருத்தம் சொல்லியிருந்தார்கள். சேகரித்தவர் தம் கையால் எழுதிய சீட்டில் யாரும் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்பது தங்கள் வழக்கம் என்றும், ஆகவே மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்த இரண்டு தாளும் அங்கே ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். எப்போதாவது யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். அடி இல்லாத செடியையும் சீட்டையும் பார்த்துவிட்டு, இதைப் பறித்தவனுக்கு வேலை தெரியவில்லை என்று அவர் பேரைச் சொல்லித் திரும்ப உள்ளே வைப்பார்கள்.